ஒரு பாட்டுக்காக வந்தவர்

முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சியில் சில ஓவியங்கள்’ நடக்கும்போது, நேரிலோ காணொளியிலோ, என் கண் முதலில் தேடுவது கண்டக்டரை அல்ல. கிளாரினெட்காரர்கள் பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் சாக்ஸபோன்காரரைத்தான். முசோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதிய அந்த இசையை 1922-ல் ராவேல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். ‘பழைய கோட்டை’ என்ற ஒரே ஒரு ஓவியத்துக்கு மட்டும் ஆல்டோ சாக்ஸபோனைக் கூப்பிட்டார். அரை மணிக்கு மேல் ஓடுகிற இசையில் அந்த மனிதருக்கு வேலை நாலைந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் கருவியை மடியில் சாய்த்துக்கொண்டு, நாணல் ரீட் காய்ந்துவிடாமல் அவ்வப்போது உதட்டில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டு, பந்தியில் இலை போட்டும் பரிமாற ஆள் வராதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆனால் கச்சேரி முடிந்து வீட்டுக்குப் போகும்போது காதில் தங்குவது அந்த நாலு நிமிடம்தான்.

ராக்மானினோஃபும் இதையே செய்தார். 1940-ல் எழுதிய ‘சிம்பொனிக் நடனங்கள்’ மூன்று பகுதி கொண்டது. முதல் பகுதியின் நடுவில் ஆல்டோ சாக்ஸபோன் ஒரு பாட்டுப் பாடும், சுற்றி மரக்காற்றுக் கருவிகள் மட்டும் மெல்லக் கூட வரும். பிறகு அதற்கு வேலையே இல்லை. ராவேலின் ‘பொலேரோ’வில் டெனார் சாக்ஸபோனின் முறை ஏழாவதாக வருகிறது. அதுவரை நடந்த கண்ணியமான ஊர்வலத்தில் யாரோ இடுப்பை அசைத்த மாதிரி ஒரு மாற்றம் அப்போது வரும்.

ஆர்கெஸ்ட்ராவுக்கு சாக்ஸபோன் எப்போதுமே விருந்தாளிதான். வீட்டுக்காரராக ஆனதே இல்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த வயலினுக்கும் ஓபோவுக்கும் வராத ஒரு தொனி, வாசலில் நின்று பேசுகிறவரின் தொனி, இதற்கு மட்டும் வாய்த்தது. அதை முன்னிறுத்தி, ஆர்கெஸ்ட்ராவைப் பக்கத்தில் வைத்து எழுதப்பட்ட பெரிய படைப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் நல்லவை எல்லாமே இந்தத் தொனியைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டவை.

கருவியைச் செய்தவர் கதையும் வாசலில் நின்றவர் கதைதான். அடால்ஃப் சாக்ஸ் 1814-ல் பெல்ஜியத்தின் டினான் ஊரில் பிறந்தவர். அப்பாவும் வாத்தியம் செய்பவர். 1842-ல் பாரிஸ் போனார், 1846-ல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். பெர்லியோஸ் 1842-லேயே பத்திரிகையில் இந்தக் கருவியை வாயாரப் புகழ்ந்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், இன்று நம் கையில் இருக்கும் பெர்லியோஸ் படைப்பு எதிலும் சாக்ஸபோனுக்கு ஒரு வரி கூடக் கிடையாது. புகழ்ச்சி ஒரு பக்கம், வேலை கொடுப்பது வேறு பக்கம்!

கருவியை ஏற்றுக்கொண்டது ராணுவ பேண்டுதான். பாரிஸ் கன்சர்வேட்டரியில் ராணுவ மாணவர்களுக்காக 1857-ல் சாக்ஸே வகுப்பு நடத்தத் தொடங்கினார். 1870-ல், பிரஷ்யாவோடு போர் வந்த ஆண்டில், வகுப்பை மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தது 1942-ல். 72 வருஷம். ஒரு கருவிக்கு அந்த நாட்டின் முதன்மையான இசைப் பள்ளியில் மூன்று தலைமுறைக்கு வாத்தியார் இல்லை என்றால், ஆர்கெஸ்ட்ராவில் அதற்கு நாற்காலி எப்படி வரும்? சாக்ஸ் மூன்று முறை திவாலாகி, போட்டியாளர்களோடு வழக்காடியே ஓய்ந்து, 1894-ல் இறந்தார்.

கருவியின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பித்தளையில் செய்தாலும் சாக்ஸபோன் மரக்காற்றுக் கருவிக் குடும்பம்தான், ஏனென்றால் ஒலி பிறப்பது நாணலில். கிளாரினெட் போல ஊதுவாயில் ஒற்றை நாணல் தகட்டைக் கட்டி ஊதுகிறார்கள். ஆனால் கிளாரினெட்டின் உள்குழாய் ஒரே அகலம், சாக்ஸபோனின் குழாயோ மேலிருந்து கீழே விரிந்துகொண்டே போவது, நம் நாதஸ்வரத்தைப் போல. நாதஸ்வரத்தின் சீவாளியில் நாணல் இரட்டை, இங்கே ஒற்றை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் கத்ரி கோபால்நாத் இதில் கமகம் பிடித்தது தற்செயல் அல்ல. அவர் அப்பா நாதஸ்வர வித்வான். சாக்ஸபோனை அவர் முதலில் கேட்டது மைசூர் அரண்மனை பேண்டில். சாக்ஸ் ராணுவத்துக்காகச் செய்த கருவி கடல் தாண்டி மைசூர் வந்து, அங்கிருந்து கச்சேரி மேடைக்கு ஏறியது. நம்மில் பலருக்கு சாக்ஸபோன் என்றால் 1994-ல் வந்த ‘டூயட்’ படம்தான் நினைவு வரும். அதில் கேட்பது அவருடைய மூச்சு. அதே 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி புரோம்ஸ் இசைவிழா மேடையிலும் அவர் வாசித்தார். என் காது இந்தக் கருவிக்குப் பழகியது ‘டூயட்’ கேசட்டில்தான். ஐரோப்பிய சாக்ஸபோனைக் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, ஆர்கெஸ்ட்ராவை ஒரு பக்கம் வைத்து சாக்ஸபோனுக்கு யார் முதலில் பெரிய இசை எழுதவைத்தார்கள்? பாரிஸின் பேராசிரியர்கள் அல்ல. பாஸ்டனில் வாழ்ந்த ஒரு பெண்மணி.

எலிஸ் ஹால் 1853-ல் பாரிஸில் பிறந்த அமெரிக்கர். கணவர் அறுவை மருத்துவர். டைஃபாய்டில் காது மந்தமானபோது, ஊதும் கருவி ஏதாவது வாசித்தால் காதுக்கு நல்லது என்று கணவர் சொல்ல, நாற்பதைத் தாண்டிய வயதில் சாக்ஸபோனை எடுத்தார். பாஸ்டனில் ஆர்கெஸ்ட்ரா சங்கம் ஒன்றின் தலைவராக இருந்தார். வாசிக்க இசை இல்லை என்றதும் பணம் கொடுத்து எழுதச் சொன்னார், அதுவும் பிரான்ஸின் பெரிய பெயர்களிடம். வான்சான் டாண்டி எழுதிக் கொடுத்தார். பிறகு ஃப்ளோரான் ஷ்மிட் எழுதினார். டெபுஸ்ஸி 1901-ல் பணத்தை வாங்கிக்கொண்டார், எழுதவில்லை.

1903-ல் அந்த அம்மாள் நேரிலேயே பாரிஸ் வந்து ‘என் பாட்டு என்ன ஆச்சு?’ என்று விசாரித்தார். டெபுஸ்ஸி நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அமெரிக்கர்களின் விடாப்பிடியைக் கிண்டல் செய்கிறார். மறு ஆண்டு எலிஸ் ஹால் பாரிஸ் மேடையில் வாசித்தபோது உடுத்தியிருந்த இளஞ்சிவப்பு உடையும் கிண்டலுக்குத் தப்பவில்லை. முன்பணம் வாங்கி வேலை தராத ஒருவர், கேட்க வந்தவரின் உடையைக் கேலி செய்வது எந்த ஊரிலும் நடக்கிற கதைதான். அதற்காக டெபுஸ்ஸி மேல் எனக்குக் கோபம் இருந்தது, கடைசியில் அவர் எழுதிய ராப்ஸடியை ஒழுங்காகக் கேட்கும் வரை.

அதன் தலைப்பைப் பாருங்கள். ‘ஆர்கெஸ்ட்ராவுக்கும் சாக்ஸபோனுக்கும் ராப்ஸடி’. ஆர்கெஸ்ட்ரா முதலில், சாக்ஸபோன் அடுத்து. சுமார் பத்து நிமிட இசையில் சாக்ஸபோன் நிறையப் பேசாது. விறுவிறு ஓட்டம் இல்லை, வித்தை காட்டுதல் இல்லை. ஆர்கெஸ்ட்ரா மூட்டமாகப் பரவி நிற்கும். அந்த மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு நீண்ட வாக்கியம் வரும், ஸ்பெயின் பக்கத்துச் சாயல் கொஞ்சம், வட ஆப்பிரிக்கச் சாயல் கொஞ்சம். சொல்லிவிட்டு உள்ளே போய்விடும். தனிவாத்தியத்தைத் தூக்கி நிறுத்தாத இசை என்று விமர்சகர்கள் இதை ஓரம் கட்டியதுண்டு. டெபுஸ்ஸி சோம்பலில் எழுதினாரோ, புரிந்து எழுதினாரோ, இந்தக் கருவிக்குப் பொருத்தமான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது என் கட்சி. அது குறைவாகப் பேசும்போதுதான் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறோம். 1918-ல் டெபுஸ்ஸி இறந்தபோது முழு ஆர்கெஸ்ட்ரா வடிவம் கையில் இல்லை. ரோஜே-துகாஸ் அதை முடித்தார், 1919-ல் பாரிஸில் அரங்கேறியது. எலிஸ் ஹால் அதை மேடையில் வாசிக்கவே இல்லை. 1924-ல் காலமானார்.

அடுத்து கதவைத் தட்டியவர் ஓர் இளைஞர். சிகுர்ட் ராஷர், 1907-ல் ஜெர்மனியில் பிறந்தவர். நாஜிகளுக்கு சாக்ஸபோன் என்றாலே எரிச்சல், ஜாஸின் அடையாளம் என்று. 1938-ல் டுசெல்டார்ஃபில் ‘சீரழிந்த இசை’ என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதன் சுவரொட்டியில் ஒரு கறுப்பின மனிதர் சாக்ஸபோன் ஊதுகிறார், மார்பில் யூத நட்சத்திரம். ஒரு படத்தில் மூன்று வெறுப்பு. ராஷர் அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1933-ல், நாட்டை விட்டு டென்மார்க்குக்கும் பிறகு ஸ்வீடனுக்கும் போய்விட்டார். கருவிக்குச் சாதாரணமாக இரண்டரை ஸ்தாயி என்றால் அவர் நான்கு ஸ்தாயி வாசிப்பார். அதைக் காட்டிக் காட்டியே கம்போசர்களிடம் கேட்டு வாங்கினார். லார்ஸ்-எரிக் லார்சன், ஜாக் இபேர், எரிக் கோட்ஸ், ஃபிராங்க் மார்ட்டின் என்று முப்பதுகளில் சாக்ஸபோனுக்கு வந்த இசையில் பெரும்பகுதி இந்த ஒரு மனிதரின் நச்சரிப்பில் பிறந்தது.

அப்படி மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் அலெக்ஸாந்தர் கிளாஸுனோவ். பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியின் இயக்குநராகப் பல ஆண்டு இருந்தவர், ஷோஸ்டகோவிச் படித்த காலத்தில் பள்ளியை நடத்தியவர். 1928-ல் சோவியத் நாட்டை விட்டு வந்து பாரிஸில் வாழ்ந்துகொண்டிருந்தார். வயது 68, உடம்பு சரியில்லை, இசை உலகம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. ராஷர் விடவில்லை. கேட்டது வேண்டுகோளாக இல்லை, முற்றுகையாக இருந்தது என்ற பொருளில் கிளாஸுனோவே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஊரை விட்டு வந்த கிழவரும் ஊரை விட்டு வந்த இளைஞரும் சேர்ந்து, ஊர் இல்லாத கருவிக்கு ஒரு கான்செர்ட்டோ. 1934 நவம்பரில் ஸ்வீடனின் நீஷோப்பிங் ஊரில் அரங்கேறியது.

ஒரே பகுதியாக நிற்காமல் ஓடும், சுமார் 14 நிமிடம். துணைக்கு வெறும் தந்திக் கருவிகள். கிளாஸுனோவ் கிழவரின் கெட்டிக்காரத்தனம் இதில்தான். கிளாரினெட், ஓபோ, ஹார்ன் யாரையும் உள்ளே விடவில்லை. ஆல்டோ சாக்ஸபோனின் நடு ஸ்தாயி வயோலாவும் செல்லோவும் பாடுகிற அதே உயரம். நிறம் வேறு, உயரம் ஒன்று. முதலில் தந்திகள் எல்லாம் ஒரே சுரமாகச் சேர்ந்து ஒரு கனத்த ரஷ்ய மெட்டை எடுத்து வைக்கும். ஹார்மனி இல்லை, ஜோடனை இல்லை. பிறகு சாக்ஸபோன் அதே பேச்சைத் தன் வாயில் வாங்கும். அந்த இடத்தை நான் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறேன். தந்திகள் சொன்னபோது அது ஊர்க் கூட்டத்தில் வாசித்த அறிவிப்பு மாதிரி இருந்தது. சாக்ஸபோன் சொல்லும்போது அதே வார்த்தைகள் ஒருவருடைய சொந்தக் கதையாகிவிடுகின்றன.

நல்ல கலைஞர் அந்த முதல் சுரத்தை நாக்கால் தட்டித் தொடங்கமாட்டார். மூச்சை முன்கூட்டியே அனுப்பி, ஒலி எப்போது தொடங்கியது என்று தெரியாதபடி உள்ளே வருவார். கவனித்துக் கேட்டால் சுரத்துக்கு முன்னால் ஒரு நூலிழை மூச்சு கேட்கும். நடுவில் நிதானமான ஒரு பாட்டு வரும். பிறகு தந்திகள் எல்லாம் வாய்மூட, சாக்ஸபோன் தன்னந்தனியாகக் கொஞ்சம் மனோதர்மம் போலப் பேசும் (எழுதி வைத்த மனோதர்மம்தான், அது வேறு விஷயம்). அதன் பின்னால் கிளாஸுனோவின் வாத்தியார் மூளை விழித்துக்கொள்ளும். ஒரு குரலை இன்னொரு குரல் துரத்துகிற ஃப்யூக் நடை. சாக்ஸபோன் அதில் விருந்தாளியாக அல்ல, சம பங்காளியாக ஓடும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. இசை ஈ-ஃப்ளாட் மேஜரில் இருக்கிறது. ஆல்டோ சாக்ஸபோன் ஈ-ஃப்ளாட் கருவி என்பதால் வாசிப்பவர் கண்முன் இருப்பது சி மேஜர், எந்தக் குறியும் இல்லாத வெள்ளைத் தாள். கைக்கு வீட்டுப் பாதை. இதை 1934-க்கு ரொம்பப் பழைய பாணி என்று சொல்வார்கள். உண்மைதான். பழைய பாணி என்பதால்தான் அது 90 ஆண்டுகளாக வாசிக்கப்படுகிறது என்பதும் உண்மை.

இபேரின் ‘கான்செர்ட்டினோ த கமேரா’ இதற்கு நேர் எதிர். 1935. சாக்ஸபோனைச் சுற்றி பதினொரே பேர்: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன், ஹார்ன், டிரம்பெட், ஐந்து தந்திகள். பாரிஸ் தெருவோரக் காபிக்கடையின் குறும்பும் துடிப்பும். ராஷருக்காக உச்சாணிக் கொம்பில் சுரங்கள் எழுதியிருக்கிறார். வாசிப்பவர்கள் இங்கேதான் வேர்க்கிறார்கள். எனக்கு அந்த வேகப் பகுதிகளைவிட இரண்டாம் பகுதியின் தொடக்கம் உயர்வு. ஆர்கெஸ்ட்ரா மௌனம். சாக்ஸபோன் மட்டும், மெதுவாக, கடைசி ரயிலும் போன பிறகு பிளாட்பாரத்தில் நிற்பவர் முணுமுணுப்பது மாதிரி. அப்புறம் தந்திகள் ஒவ்வொன்றாக அடியில் வந்து தாங்கும். இந்த ஒன்றரை நிமிடத்துக்காக இபேரின் மீதி சேட்டைகளை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

எந்த ஒலியில் வாசிப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு, நம் ஊர் பாணிச் சண்டைகளுக்குக் குறையாதது. ராஷர், சாக்ஸ் வடிவமைத்தபடியே உட்புறம் அகலமாக இருக்கும் ஊதுவாய்தான் சரி என்று கடைசி வரை பிடிவாதமாக நின்றார். உருண்டையான, கொஞ்சம் இருட்டான ஒலி. எதிர்ப்பக்கம் மார்செல் ம்யூல், பிரெஞ்சுக் காவல்படை பேண்டிலிருந்து வந்தவர், 1942-ல் கன்சர்வேட்டரி வகுப்பு மறுபடி திறந்தபோது வாத்தியாராக உட்கார்ந்தவர். பளிச்சென்ற ஒலி, அதன்மேல் இடைவிடாத மெல்லிய அசைவு. நடன இசைக்காரர்களிடமிருந்த அந்த அசைவைத் துடைத்து மெருகேற்றிச் சபைக்குக் கொண்டுவந்தவர் அவர். ராஷர் 1939-ல் எலிஸ் ஹாலின் பாஸ்டன் நகரத்தில் பாஸ்டன் சிம்பொனியோடு வாசித்தார். ம்யூல் 1958-ல் அதே ஆர்கெஸ்ட்ராவோடு அமெரிக்கா சுற்றினார். இன்று உலகில் பெரும்பாலோர் வாசிப்பது ம்யூல் வழி. கிளாஸுனோவுக்கு ராஷரின் இருட்டும் இபேருக்கு ம்யூலின் பளபளப்பும் வேண்டும் என்பேன் நான். இரண்டு கட்சிக்காரர்களும் என்னை அடிக்க வருவார்கள். இரண்டு பேரும் 2001-ல் மறைந்தார்கள், ராஷர் 93 வயதில், ம்யூல் 100 வயதில்.

பின்னால் வந்தவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948-ல் வில்லா-லோபோஸ் எழுதிய ஃபான்டஸியா சோப்ரானோ சாக்ஸபோனுக்கானது, தந்திகளோடு மூன்று ஹார்ன் மட்டும். வெயில் அடிக்கிற இசை. ஆன்ரி தொமாஸியின் 1949 கான்செர்ட்டோ கனமானது, இரண்டாம் முறை கேட்டால்தான் பிடிபடும். 1995-ல், கத்ரி வாசித்ததற்கு மறு வருஷம், அதே ஆல்பர்ட் ஹாலில் புரோம்ஸின் கடைசி இரவில் பர்ட்விஸ்லின் ‘பேனிக்’கை ஜான் ஹார்ல் வாசித்தார். கொடி ஆட்டிப் பாட வந்த கூட்டத்துக்கு அது இடி. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் புகார் மேல் புகார் செய்தார்கள். எனக்கும் அது காதில் இறங்கவில்லை, ஆனால் அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. ஜான் ஆடம்ஸ் 2013-ல் டிமோதி மெக்கலிஸ்டருக்காக எழுதிய கான்செர்ட்டோ அரை மணி நேரம், ஜாஸ் ரத்தம் ஓடுவது. ஆடம்ஸின் அப்பாவே சாக்ஸபோன் வாசித்தவர். வாசிப்பு அசாத்தியம். ஆனாலும் சுரங்கள் ஜாஸ்தி, மௌனம் கம்மி. டெபுஸ்ஸியிடம் கற்றிருக்கலாம்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. ‘பழைய கோட்டை’யில் தொடங்குங்கள். அடுத்து கிளாஸுனோவ், அப்புறம் இபேர். டெபுஸ்ஸியைக் கடைசியில் வையுங்கள், முதலில் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். நாலும் சேர்ந்து முக்கால் மணி நேரம் கூட ஆகாது. கிளாஸுனோவை மட்டும் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு. தந்திகள் சொல்லி முடிக்கும் இடத்தில், சாக்ஸபோன் தொடங்குவதற்கு முன் அந்த நூலிழை மூச்சு வருகிறதா பாருங்கள்.